கிணற்றைக் காத்த உரிமம்

கேரளம் என்றதும் கண்முன் விரியும் பச்சை, பிளாச்சிமடையில் சற்று வெளிறித்தான் இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், தமிழக எல்லையை ஒட்டிய சிற்றூர். மழை குறைவு, கிணறுதான் கதி. அந்தக் கிணற்றுக்காகப் பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து எடுத்த ஆயுதம் ஒரு தாள்: தொழில் உரிமம்.

2000-ல் கோகோ கோலா ஆலைக்கு உரிமம் தந்ததும் இதே பஞ்சாயத்துதான். கிணறுகள் வற்றுகின்றன, தண்ணீர் வாயில் வைக்க விளங்கவில்லை என்று ஊர் புகார் சொன்னது, ஆலை மறுத்தது. 2002 ஏப்ரலில் மயிலம்மா முதலான ஆதிவாசிப் பெண்கள் போராட்டத்தில் அமர்ந்தனர். மறு ஏப்ரலில் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது.

வழக்கு நீண்டது. நிலத்தடி நீர் மக்கள் சொத்து என்றார் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, 2003-ல். 2005-ல் டிவிஷன் பெஞ்ச், நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. பஞ்சாயத்து உச்ச நீதிமன்றப் படியேறியது. ஆலையைத் திறக்கும் எண்ணமில்லை என்று 2017-ல் நிறுவனமே அங்கு சொல்லிவிட்டது.

நஷ்டஈடு வேறு கதை. உயர்மட்டக் குழு 2010-ல் கணக்கிட்டது சுமார் ரூ. 216 கோடி. அதற்காகக் கேரள சட்டமன்றம் 2011-ல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆலையை நிறுத்தும் போராட்டத்தில் பஞ்சாயத்தின் கையெழுத்து கைகொடுத்தது. இழந்ததைக் கேட்டு வாங்க, அது போதவில்லை.