ஒரு மூச்சில் ஒரு பிடி பாசி

நோன்பு நாட்களில் தட்டில் ஊற்றி வில்லை போடும் கடல்பாசி இனிப்பை நம்மில் பலர் ருசித்திருப்போம். அதற்கான அகார் எடுக்க உதவும் பாசிகளில் ஒன்று மரிக்கொழுந்துப் பாசி. பாம்பன் தீவிலுள்ள சின்னப்பாலத்துப் பெண்கள் அதைக் கடலில் முங்கித்தான் பறிக்கிறார்கள். இராமேசுவரம் தரிசனம் முடிந்து திரும்பும் வழியில், நாத்தனாருக்குத் தெரிந்தவர் வீட்டில் ஒரு நாள் தங்கி அவர்களைப் பார்த்தேன்.

கண்ணுக்கு ஒரு கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் பை. காற்று உருளை எதுவும் கிடையாது. 1986ல் இங்குள்ள 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கிய பிறகு தீவோரம் போகக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பெண்களே கூடிப் பேசி, மாதம் 12 நாள்தான் பறிப்பது, இரும்புச் சுரண்டி வேண்டாம் என்றும் வைத்துக்கொண்டார்கள்.

பிறந்த வீட்டுக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவள் நான். ஆனால் முங்குவது வேறு வித்தை! கிணற்றில் அமிழ்ந்துவிடுவோமோ என்று பயம். இங்கேயோ உப்புத் தண்ணீர் உள்ளேயே விடாமல் மேலே தள்ளுகிறது. மகளின் சுடிதாரை மாட்டிக்கொண்டு தோளளவுத் தண்ணீரில் நின்றேன். அறுபது வயது அக்கா ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள்.

"உதைக்காத தாயி. இடுப்பை மடக்கித் தலையைக் கீழே விடு. காலு ரெண்டும் வானத்தைப் பாக்கட்டும், அந்தக் கனமே இறக்கிரும். காது வலிச்சா மூக்கைப் பிடிச்சு லேசா ஊது. விடலைன்னா மேல வந்துரு, மல்லுக்கட்டாத."

நான்காம் முறை உள்ளங்கை மணலைத் தொட்டது. எத்தனை சந்தோஷம் தெரியுமா!

"எவ்வளவு நேரம் அக்கா மூச்சடக்குவீங்க?" என்றேன்.

"யாரு எண்ணுனா? நெஞ்சு இடிக்க ஆரம்பிச்சதும் பாசியை விட்டுட்டு ஏறிரணும்."

கல்லூரியில் படிக்கும் என் மகன் அதற்குள் கரையோரம் நின்று புஸ் புஸ்ஸென்று வேகமாக மூச்சு வாங்கினான். அப்படிச் செய்தால் அதிக நேரம் உள்ளே இருக்கலாமாம், நண்பர்கள் பந்தயம் கட்டுவார்களாம். அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. "அப்பு, அது வேணாம்" என்று கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

அவள் பயந்தது நியாயமே. மூச்சு முட்டுவது பிராணவாயு குறைவதால் அல்ல, உடம்பில் கரியமில வாயு சேர்வதால்தான். வேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு வெளியேறிவிடும்; பிராணவாயு அதிகம் கூடுவதில்லை. அதனால் நெஞ்சு இடிப்பதற்கு முன்பே தண்ணீருக்குள் நினைவு தப்பிவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளே நீச்சல் குளத்தில் இப்படிப் போயிருக்கிறார்கள். பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பும் தாய்மார்கள் இதை அவசியம் சொல்லி வையுங்கள்.

அன்று மகனுக்கு அக்கா வேறு வேலை கொடுத்தாள். அவள் முங்கும்போதெல்லாம் அவன் கண்ணெடுக்காமல் தண்ணீரைப் பார்த்து நிற்க வேண்டும். "மேல ஒரு ஆளு நின்னாத்தான் கீழ ஒரு ஆளு" என்றாள். துணைக்கு ஆள் வராத நாளில் அவள் கடலில் இறங்குவதே இல்லையாம், பை காலியாகக் கிடந்தாலும்.