பேசிக்கிட்டே நடங்க!

ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய முதல் மாதம், குடிக்கிற தண்ணீரைக்கூட இவரை எழுந்து எடுக்க விட்டதில்லை நான். 72 வயது. 'மெதுவா நடக்கச் சொல்லுங்க' என்றுதான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். எவ்வளவு மெதுவாக என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பார்க்க வந்த சொந்தமெல்லாம் 'ரெஸ்ட், ரெஸ்ட்' என்றே சொல்ல, இவர் கால்கள் குச்சியாகிவிட்டன.

அப்புறம் பேரன் ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினான். நாடித்துடிப்பைக் காட்டுமாம். வந்தது வினை! இவர் பேங்க் கேஷியராக இருந்து ரிட்டயர் ஆனவர். நம்பரைக் கண்டால் விடமாட்டார். வாக்கிங் நண்பர் ஒருவர் வேறு ஃபார்முலா கொடுத்தார். 220-ல் வயதைக் கழித்தால் 148; அதில் 70 சதவிகிதம் 104.

"104-ஐத் தொட்டாத்தான் அது எக்சர்சைஸ்" என்று மறுநாளே ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இறங்கிவிட்டார். பின்னாலேயே நானும். வாட்ச் 90-ஐத் தாண்டுவேனா என்றது. இவர் இன்னும் வேகம் கூட்டினார். 92. மூன்றாம் நாள் முகம் வெளுத்து, சட்டை தொப்பலாக நனைந்து, யார் வீட்டுத் திண்ணையிலோ சாய்ந்துவிட்டார். "என்னங்க..?" என்றால் பதில் சொல்ல மூச்சில்லை. விரல் மட்டும் வாட்சைக் காட்டியது. 94.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம். நல்லவேளை, இ.சி.ஜி-யில் புதிதாக ஒன்றுமில்லை. இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண், மாத்திரைச் சீட்டைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தாத்தா, நீங்க சாப்பிடறது மெட்டோப்ரோலால். இதயம் வேகமா துடிக்கக் கூடாதுன்னுதான் அந்த மாத்திரையே! அதைப் போட்டுக்கிட்டு 104 வரலையேன்னு ஓடினா, பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஆக்ஸிலேட்டரை முறுக்கற மாதிரி. அந்த 220 கணக்கும் சும்மா ஒரு சராசரிதான். மாத்திரை சாப்பிடாதவங்களுக்கே ஆளுக்கு ஆள் பத்து, பன்னிரண்டு தள்ளிப்போகும்."

30 மீட்டர் வராந்தாவில் 6 நிமிடம் இப்படியும் அப்படியும் நடக்கவிட்டு, தூரம், பிரஷர், மூச்சு வாங்குவது எல்லாம் குறித்துக்கொண்டாள். சுவரில் 6 முதல் 20 வரை எண் போட்ட ஓர் அட்டை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோலாம். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. 20 என்றால் இதற்கு மேல் முடியவே முடியாது. "உங்களுக்கு இப்போதைக்கு 11-லிருந்து 13. லேசா இருக்கணும், மிஞ்சிப்போனா கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான்."

"அதென்னம்மா 6-ல ஆரம்பிக்குது?" என்றார் இவர். கேஷியராயிற்றே! பத்தால் பெருக்கினால், ஆரோக்கியமான இளவயதுக்காரர்களின் நாடித்துடிப்பு ஏறக்குறைய வருமாம். "அந்தப் பெருக்கலும் உங்களுக்கு வேண்டாம் தாத்தா" என்று உடனே சொல்லிவிட்டாள், புத்திசாலிப் பெண்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாட்டி, தாத்தாவைப் பேச வெச்சுக்கிட்டே நடங்க. முழு வாக்கியமா பேசினா சரியான வேகம். ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கினா குறைக்கணும். பாட்டே பாட வருதுன்னா இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். முதல் பத்து நிமிஷமும் கடைசிப் பத்து நிமிஷமும் மெதுவா. சட்டுனு நிக்கக் கூடாது, பிரஷர் இறங்கித் தலை சுத்தும். நெஞ்சை அழுத்தினாலோ, தலை சுத்தினாலோ மட்டும் உடனே உட்கார்ந்துடணும். சாப்பிட்ட கையோட நடக்க வேண்டாம்."

இவரைப் பேச வைப்பதாவது! கல்யாணமாகி 46 வருஷத்தில் 'காபி', 'பேப்பர்' தவிர அதிகம் கேட்டதில்லை நான். முதல் வாரம் வழியில் தெரிந்த கடை போர்டுகளையெல்லாம் வாசித்துக்கொண்டே வந்தார். அதுவும் பேச்சுதானே என்று விட்டுவிட்டேன். இப்போது மாதம் மூன்றாகிறது. வாட்ச் பீரோவில் இருக்கிறது. அரை மணி நேரம் சிரமமில்லாமல் நடக்கிறார்.

போன வாரம் திடீரென்று ஆரம்பித்தார். "1983-ல ஒருநாள் கவுன்ட்டர்ல 500 ரூபா குறைஞ்சுபோச்சு. கையிலேருந்து கட்டினேன். உங்கிட்ட சம்பளம் லேட்டுன்னு சொல்லிட்டேன்." மூச்சு வாங்காமல் முழு வாக்கியங்கள்.

அந்த மாதம் என் வளையலை அடகு வைத்துத்தான் மளிகை வாங்கினேன். அப்படியே நின்றுவிட்டேன்.

"நிக்காதே, சட்டுனு நிக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கில்ல" என்றார்.