பனிக்கட்டிக்குக் கீழே ஒரு விளிம்பு

டிசம்பர் 6

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கும் மில் லாக்ஸ் ஏரியின் பரப்பு 1,32,000 ஏக்கருக்கு மேல். ஆழமோ அதிகம் போனால் 42 அடிதான். தட்டையான ஒரு பெரிய தாம்பாளம் என்றே சொல்லலாம். அந்த மாநிலத்தின் அரசு மீனான வால்ஐ இங்கே குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டிக்கு அடியில் இரை தேடித் திரிகிறது. கோடையில் படகை ஓட்டிக்கொண்டே அடித்தளத்தைத் துழாவிப் பார்த்துவிடலாம். ஏரி உறைந்தபின் ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு துளை போட வேண்டும். அதனால் குளிர்காலத் தேடல் வீட்டு மேசையில், ஆழக்கோட்டு வரைபடத்தில் தொடங்குகிறது.

கோடுகள் விலகியிருந்தால் அடித்தளம் சமதளம், நெருங்கியிருந்தால் சரிவு. குறிக்க வேண்டியவை நெருங்கிய கோடுகள். அவற்றிலும் சரிவு மூக்குப்போல நீளும் முனைகளும், உள்வாங்கி மடியும் மூலைகளும் முதலில் வரும். ஏரியின் தென்பாதியில் பாறைத் திட்டுகள் மிகுதி. நீருக்கடியில் இருக்கும் இத்தகைய பாறை மேட்டைத் தமிழகக் கடலோர மீனவர்கள் ‘பார்’ என்பார்கள்; இங்கும் அந்தச் சொல்லே கச்சிதமாகப் பொருந்துகிறது. வடபாதியில் இருப்பவை சேற்றுத் திட்டுகள். முப்பது அடிக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து எழும்பி, உச்சி தட்டையாகப் பரந்து கிடக்கும் மேடுகள் அவை.

டிசம்பர் 14

முதலில் உறைபவை விரிகுடாக்கள். நடு ஏரியைக் காற்று அலைத்துக்கொண்டே இருப்பதால் அங்கே பனிக்கட்டி பிடிக்க நாளாகும். புதிதாக உறைந்த தெளிந்த பனிக்கட்டி என்றால் ஆள் நடக்கக் குறைந்தது 4 அங்குலம் வேண்டும். ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7, சிறிய காருக்கு 9 முதல் 10 அங்குலம். வெண்மையாக, குமிழ் கலந்து இருந்தால் இந்தக் கணக்கை இரட்டிக்க வேண்டும். சில அடிக்கு ஒருமுறை கடப்பாரையால் குத்திப் பார்த்துக்கொண்டே நடப்பதுதான் முறை. நேற்று தாங்கிய இடம் இன்று தாங்கும் என்று எந்த ஏரியும் வாக்குக் கொடுப்பதில்லை.

நல்ல வேளையாக, இந்தக் காலத்தில் மீனும் கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலையுதிர்காலத்தில் கரையோரம் திரண்ட சிறுமீன்களைத் தொடர்ந்து வந்த வால்ஐ, பாறையும் மணலும் சந்திக்கும் இடங்களிலும், பச்சை மாறாத நீர்ச்செடிகளின் வெளி விளிம்பிலும் அலைகிறது. செடி பழுத்து அழுகிய இடத்தில் நேரம் செலவிடுவது வீண்.

டிசம்பர் 22

இன்று ஆண்டின் மிகக் குறுகிய பகல்களில் ஒன்று. மாலை நாலரை மணி அளவிலேயே சூரியன் விழுந்துவிடுகிறது. வால்ஐ மீனின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. பூனையின் கண் இருட்டில் மின்னுவதற்குக் காரணமான அதே வகை அமைப்பு. வால்ஐயின் முக்கிய இரைகளில் ஒன்று மஞ்சள் பெர்ச் என்னும் மீன். பெர்ச்சுக்குப் பகலில் நல்ல பார்வை, மங்கலில் தடுமாற்றம். ஆகவே பகலில் சரிவின் அடியில் கிடக்கும் வால்ஐ, வெளிச்சம் சாயும்போது பாரின் உச்சிக்கு ஏறுகிறது. பகல் முழுவதும் வெறுமையாகக் கிடந்த துளையில் அந்திப் பொழுதில் அடுத்தடுத்து மீன் கடிப்பது இதனால்தான். நல்ல இடம் என்று சொல்லும்போது அதில் நேரமும் அடக்கம்.

2005இல் இந்த ஏரியில் வரிச்சிப்பிகள் கண்டறியப்பட்டன. அவை பெருகி நீரை வடிகட்டி வடிகட்டித் தெளிவாக்கிவிட்டன. நீர் தெளிந்தால் வெளிச்சம் ஆழம்வரை இறங்கும். மீன் பகலில் இன்னும் ஆழத்துக்குப் போகும், கடிக்கும் நேரம் இரவுக்குள் நகரும். பழைய குறிப்பேடுகளில் உள்ள ஆழங்களை அப்படியே நம்பி உட்காரக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

ஜனவரி 9

நடு ஏரியும் தடித்துவிட்டது. கரையோர விடுதிக்காரர்கள் வெண்பனியை வழித்துப் பாதை போட்டிருக்கிறார்கள். சக்கரம் வைத்த மீன்பிடிக் குடில்கள் வடக்குச் சேற்றுத் திட்டுகளை நோக்கிப் போகின்றன. மீனும் அங்கேதான் போயிருக்கிறது.

நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். ஆகவே உறைந்த ஏரியில் பனிக்கட்டியை ஒட்டிய நீர் பூஜ்யத்துக்கு அருகில். அடியில் இருப்பதே சற்று வெதுவெதுப்பான நீர். அந்த அடிச்சேற்றில், கோடையில் ஈசல்போல் பறந்தெழும் மே பூச்சிகளின் இளம் பருவப் புழுக்கள் வளை தோண்டி வாழ்கின்றன. கூடவே சிவப்பு நிறக் கொசுவினப் புழுக்கள். புழுவைத் தேடிப் பெர்ச் வருகிறது, பெர்ச்சைத் தேடி வால்ஐ. சேறு வளமானது, ஆனால் திட்டின் நடுவில் எங்கும் ஒரே சேறு என்பதால் மீன் சிதறிக் கிடக்கும். திட்டு முடிந்து சரிவு தொடங்கும் விளிம்பு இரையையும் வேட்டையாடும் மீனையும் ஒரே கோட்டில் ஒடுக்குகிறது. சரிவு முடிந்து மென்சேறு தொடங்கும் அடிக்கோடும் அப்படியே. உச்சி விளிம்பு மாலைக்கு, அடி விளிம்பு பகலுக்கு.

ஜனவரி 18

துளைகளை ஒரே இடத்தில் குவிக்காமல் விளிம்புக்குக் குறுக்காக வரிசையாகப் போட வேண்டும்: முதல் துளை திட்டின் மேல், அடுத்தது விளிம்பில், மூன்றாவது சரிவில், நான்காவது அடியில். பிறகு விளிம்பை ஒட்டிச் சற்றுத் தள்ளி இன்னொரு வரிசை. பனிக்கட்டி தெளிவாக இருந்தால் துளைகூட வேண்டாம். மேலே கொஞ்சம் நீர் ஊற்றி, ஒலியால் ஆழம் அறியும் சோனாரின் உணரியை அழுத்தி வைத்தாலே ஆழம் தெரிந்துவிடும். துளையிடும் வேலையெல்லாம் அந்திக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆழம் குறைந்த பாரில் துளையிடும் கருவியான ஆகரின் இரைச்சல் வந்த மீனையும் விரட்டிவிடும்.

ஃபிளாஷர் சோனாரின் வட்ட முகத்தில் அடித்தளம் தடித்த சிவப்புப் பட்டை. மேலே மெல்லிய பச்சைக் கோடாக ஸ்பூன் தூண்டில் ஆடுகிறது. அதன் கொக்கியில் ஒரு மினோ மீனின் தலை. பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு சிவப்புப் பட்டையின் மேல்விளிம்பு லேசாகப் புடைக்கிறது. புடைப்பு பிரிந்து தனிக்கோடாகி ஓரடி எழுகிறது. தூண்டிலை மெதுவாக உயர்த்தினால் கோடும் கூடவே ஏறி வருகிறது. நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. இரண்டு கோடுகளும் ஒன்றாகும் கணத்தில் கோல்நுனி கனக்கிறது.

சரிவில் இந்தக் கருவி ஏமாற்றும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது அனுப்பும் ஒலியின் 20 பாகைக் கூம்பு 30 அடி ஆழத்தில் சுமார் 10 அடி அகலம் விரிகிறது. அந்தப் பத்தடிக்குள் மேடான பக்கத்தையே கருவி அடித்தளமாகக் காட்டும். பள்ளத்துப் பக்கம் தரையோடு ஒட்டிக் கிடக்கும் மீன் அந்தப் பட்டைக்குள் மறைந்துவிடும். செங்குத்தான சரிவில் திரை வெறுமையாக இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். மற்ற இடங்களில் கால் மணி நேரம் போதும். கோடே எழாவிட்டால் அடுத்த துளைக்கு நகர்வதுதான் லாபம்.

பிப்ரவரி 3

பெயர்பெற்ற திட்டுகளில் குடில்கள் ஊர்போலக் கூடிவிட்டன. வாகன ஓட்டமும் துளைகளும் பெருகப் பெருக மீன் பெரிய திட்டை விட்டு விலகி, வரைபடத்தில் நகக்கண் அளவே தெரியும் சிறு மேடுகளுக்கும், இரு திட்டுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களுக்கும் போகிறது. இந்த மாதத்தில் தனியே நடந்து துளையிடுபவருக்குக் கூட்டத்தில் இருப்பவரைவிட வாய்ப்பு அதிகம். ஆனால் வழியில் அழுத்த முகடுகள் இருக்கும். பனிக்கட்டிப் பாளங்கள் விரிந்து மோதி மேலெழும் அந்தக் கோடுகளின் ஓரம் திறந்த நீர் ஒளிந்திருக்கலாம். சுற்றிப் போவதே சரி.

முப்பது அடிக்குக் கீழிருந்து விரைவாக மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை வீங்கிவிடுகிறது. திரும்ப விட்டாலும் அது பிழைக்காமல் போகலாம். வைத்துக்கொள்ளும் அளவு மீன் கிடைத்துவிட்டால் ஆழத்தில் தூண்டில் போடுவதை நிறுத்திவிட வேண்டும். இந்த ஏரியில் இது வெறும் நாகரிகப் பேச்சல்ல. வால்ஐ குறைந்ததால் 2015 ஆகஸ்டில் பிடிப்புப் பருவமே பாதியில் மூடப்பட்டது. இங்கே பிடிக்கக்கூடிய அளவை மாநில அரசு தனியாக முடிவு செய்வதுமில்லை. 1837 ஒப்பந்தத்தின் கீழ் பழங்குடியினரான ஒஜிப்வே மக்களுக்கு உள்ள மீன்பிடி உரிமையை 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபின், இரு தரப்பும் சேர்ந்தே அளவை வகுக்கின்றன.

பிப்ரவரி, கடைசி ஞாயிறு

உள்நாட்டு ஏரிகளில் வால்ஐ பருவம் இன்றோடு முடிகிறது. சில வாரங்களாகப் பகல் நீண்டுகொண்டே வருகிறது. மீன் மெல்ல மெல்லச் சேற்றுத் திட்டுகளிலிருந்து கரைப்பக்கப் பார்களை நோக்கி நகரத் தொடங்கியிருக்கிறது. பெண் மீன்களின் வயிறு முட்டையால் கனத்திருக்கிறது. பனிக்கட்டி உருகியதும் சரளைக்கல் நிறைந்த ஆழமற்ற கரையோரத்தில் அவை முட்டையிடும். அதுவரையும் அதற்குப் பின் மே மாதம் பருவம் திறக்கும்வரையும் வால்ஐ மீனுக்குத் தூண்டில் போடத் தடை.