சின்னக் கீறல்தானே?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. தேர்த் திருவிழாவுக்கு முன் சில்லுகளையும் அச்சையும் தச்சர்கள் தட்டிப் பார்ப்பது நம் ஊர்க் கோயில்களின் வழக்கம். லண்டனில் அடியார்களை ஆலயத்துக்கு ஏற்றிவரும் தேர் பெரும்பாலும் மோட்டார் கார்தான். புதுக் கார் வாங்கியதும் சந்தனம் குங்குமம் இட்டு, நான்கு சில்லுகளின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசை செய்வித்த பின்னரே பலரும் அதை வீதிக்கு எடுக்கின்றனர். அன்று குனிந்து சில்லைப் பார்த்த கண், அடுத்த எம்.ஓ.டி. சோதனை வரையில் அந்தப் பக்கம் திரும்புவது அருமை.

விசேட நாள்களில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. குறுகிய இடத்தில் அவசரமாக நுழைக்கும்போது, நடைபாதை ஓரக் கல்லில் இடதுபுறச் சில்லு உரசுவது அடிக்கடி நேர்கிறது. காயம் படுவது டயரின் பக்கச்சுவரில். "சின்னக் கீறல்தானே" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போய்விடுவதும் வழமையே. ஆனால் பக்கச்சுவரில் காயத்தின் அளவு வேறு, ஆபத்தின் அளவு வேறு.

வெளியே தெரியும் கறுப்பு ரப்பர் ஒரு போர்வை மாத்திரமே. காற்றின் அழுத்தத்தைத் தாங்கி, வண்டியின் பாரத்தைச் சுமப்பவை அதற்குள் ஓடும் நூல் இழைகள். தரையில் பதியும் பகுதியில் இவற்றின் மேல் உருக்குப் பட்டைகள் காவலாக உண்டு. பக்கச்சுவரில் அந்தக் காவல் இல்லை. சில்லு சுழலும் ஒவ்வொரு தடவையும் பக்கச்சுவர் வளைந்து நிமிர்கிறது. சாதாரணக் கார் ஒன்றுக்கு இது மைலுக்கு ஏறத்தாழ 800 தடவை. அதனாலேயே அங்கு ஒட்டுப் போட்டால் நிலைப்பதில்லை. பஞ்சர் ஒட்டுவதற்கான பிரித்தானியத் தர விதியும், தரையில் பதியும் பகுதியின் நடுவே முக்கால் அகலத்தில் மட்டுமே கார் டயருக்குச் சிறு ஒட்டு வேலையை அனுமதிக்கிறது.

அப்படியானால் வீட்டு வாசலில் எப்படிப் பார்ப்பது? முதலில் சவர்க்கார நீரால் கழுவித் துடைக்க வேண்டும். மேற்பரப்பு ரப்பர் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சமில்லை; சில நாள் கவனித்து வந்தால் போதும். வெட்டு இருந்தால் நீளத்தை அளப்பதோடு ஆழத்தையும் பார்க்க வேண்டும். ஆழம் பார்ப்பதற்காகக் கத்தியாலோ ஊசியாலோ கிளறுவது கூடாது. பின்னர் உள்ளங்கையால் சுற்றிவரத் தடவ வேண்டும். உட்பக்கம் மெல்லிய பள்ளம்போல் கைக்குத் தட்டினால் கலங்க வேண்டியதில்லை. இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சேரும் இடத்தில் அது இயல்பாகவே தோன்றும். வெளிப்பக்கம் புடைத்திருந்தால் நிலைமை வேறு. கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கி இழைகள் அறுந்திருக்கின்றன, காற்று அந்த வாசலால் வெளியே தள்ளுகிறது என்பதே அதன் பொருள். அந்தச் சில்லில் அடுத்த தெருவுக்குக்கூடப் போகக் கூடாது. டயருக்குள் செலுத்தும் பசைத் திரவமும் இதற்கு மருந்தாகாது.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1986ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளில் 27ஆவது விதிப்படி, இழைவரை இறங்கிய வெட்டு 25 மி.மீ. அல்லது டயர் அகலத்தின் 10 சதவீதம், இவற்றில் எது கூடவோ அதைத் தாண்டக் கூடாது. "என் டயரில் 20 மி.மீ.தானே" என்று ஆறுதல் அடைவோர் அதே விதியின் மற்ற வரிகளையும் பார்க்க வேண்டும். இழை வெளியே தெரிந்தாலும், கட்டமைப்புக் குலைந்து புடைத்தாலும், அளவு எதுவாயினும் குற்றமே. ஒரு டயருக்கு 2,500 பவுண் வரை அபராதமும் சாரதிப் பத்திரத்தில் 3 புள்ளிகளும் விழலாம். 25 மி.மீ. என்பது தண்டனைக்கு வரையப்பட்ட கோடு. அதற்குக் குறைந்தது எல்லாம் பத்திரமானது என்று அதற்குப் பொருள் இல்லை.

வடமேற்கு லண்டனில் வாழும் அன்பர் ஒருவர் வெள்ளிதோறும் இரண்டு மூதாட்டிகளை ஹைகேட் முருகன் ஆலயத்துக்கு ஏற்றிச் செல்பவர். ஒரு செவ்வாய்க்கிழமை சில்லு கல்லில் ஏறியது. அன்று கீறல் மட்டுமே தெரிந்தது. வெள்ளி மாலை கையால் தடவியபோது அதே இடத்தில் பாதி நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு. மூதாட்டிகள் பூத்தட்டோடு வாசலில் நின்றார்கள்.

"தம்பி, முருகனிட்டத்தானே போறம். அவன் பாத்துக்கொள்ளுவான்" என்றார் மூத்தவர்.

"பாப்பான் அம்மா. எனக்கும் கண்ணைத் தந்துதானே வைச்சிருக்கிறான்" என்று சொல்லி, அன்பர் டாக்சிக்குத் தொலைபேசி எடுத்தார்.

மறுநாள் திருத்துநர் வீட்டுக்கே வந்து டயரைக் கழற்றினார். உட்பக்கத்தில் இழை அறுந்த கோடு விரல் நீளத்துக்குத் தெரிந்தது. புது டயரின் விலையும் டாக்சிக் கூலியும் அந்த மாதம் பாரமாகவே இருந்தன. என்றாலும், அடுத்த வெள்ளி மூதாட்டிகள் இருவரும் வழமைபோல் அதே காரின் பின்னாசனத்தில் அமர்ந்து சென்றனர்.

கண்ணுக்கே தெரியாத காயமும் உண்டு, அது முதுமை. 2012 செப்டம்பரில் வைட் தீவில் நடந்த இசை விழாவிலிருந்து லிவர்பூல் நோக்கிச் சென்ற கோச் வண்டி, சரே பகுதியின் ஏ3 நெடுஞ்சாலையில் முன் டயர் வெடித்து விபத்துக்குள்ளாகி மூவர் மாண்டனர். அந்த டயரின் வயது 19 ஆண்டுகளுக்கு மேல். அக்காலச் சட்டத்தில் வயதுக்கு எல்லை இருக்கவில்லை. மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் ஆண்டுக்கணக்காகப் போராடினார். 2021 பெப்ரவரி முதல், லொறி, பஸ், கோச் ஆகியவற்றின் முன் அச்சிலும், மினிபஸ்களின் தனிச் சில்லுகளிலும் 10 ஆண்டு கடந்த டயர்கள் தடைசெய்யப்பட்டன. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களே வயதைக் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தல யாத்திரைக்கு மினிபஸ் அமர்த்தும் சங்கத்தினர், ஆசனங்களை எண்ணும்போதே இந்த இலக்கங்களையும் வாசித்துவிடுவது நன்று.

தன் காரில் தனியே போகிறவர் தன் உயிருக்கு மட்டும் துணிகிறார் என்று வாதிடலாம். வீதியில் எதிரே வருகிறவர் அதை ஒப்பமாட்டார். பின்னாசனத்தில் பிறர் வீட்டுப் பெரியோரும் பிள்ளைகளும் இருக்கையில் அந்த வாதமும் இல்லை. சந்தேகம் எழுந்தால் டயரைக் கழற்றி உட்பக்கம் பார்க்கச் சொல்வதே முறை. மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமைப் புறப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் நான்கு சில்லுகளையும் சுற்றிவந்து தடவிப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் ஏற்பட வேண்டும். அடியார் யாவரும் நலமே சென்று நலமே மீள எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் கூட்டுவானாக.