காலி டாங்க்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். வீட்டிலிருந்து சமர்த்தாகக் கிளம்பும். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் திக்கும், இருமும், நின்றுவிடும். இறங்கி, பானெட்டைத் திறந்து, ஒன்றும் புரியாமல் நாலு ஒயரை அசைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். ஒயரை அசைத்ததால்தான் சரியாச்சு என்று நினைத்துக்கொள்வோம். நிஜத்தில் டாங்கின் அடியில் கிடக்கும் துருத் தூளை, பெட்ரோல் உறிஞ்சும் குழாய் தன் வாயில் இழுத்து வைத்துக்கொள்கிறது. இன்ஜின் நின்றதும் இழுப்பும் நின்று, தூள் மெதுவாக அடியில் படிகிறது. அதற்கு ஒரு டீ நேரம் போதும்.

என் சித்தப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு இந்த வியாதி முற்றிப்போய், டீ குடித்தாலும் கிளம்பாத நிலைக்கு வந்துவிட்டது. ஹெரால்டு நம்ம ஊர்ப் பிள்ளை. உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர் என்றாலும், 1961-லிருந்து மெட்ராஸில் தயாரானது. பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் சேர்ந்து முதலை வாய் மாதிரி மொத்தமாகத் திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அந்த சௌகரியம் இன்றைக்குப் பல லட்சம் கொடுத்தாலும் வராது.

2020 ஆரம்பத்தில் ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்து வந்தார் சித்தப்பா. மார்ச்சில் ஊரடங்கு. ஷெட்டில் நின்ற வண்டி நின்றதுதான். மறு வருஷம் அவரும் போய்விட்டார். சித்திக்கு கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாவியைத் திருப்பி ஐந்து நிமிஷம் ஓடவிடுவார். "அவர் சொல்லிட்டுப் போன ஒரே வேலை" என்பார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு வெறும் இருமல்தான். 2024 கடைசியில் சித்தி என்னைக் கூப்பிட்டபோது, ஆர்.சி. காலாவதியாக இரண்டு மாதம்தான் பாக்கி. அதைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டியாக வேண்டும். சித்தியின் மகன் ஃபோனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டான், "ஓடலைன்னா இரும்புக் கடைக்குப் போட்டுரலாம்மா."

டாங்க் மூடியைத் திறந்ததும் வந்தது பெட்ரோல் வாசனை இல்லை. பழைய பெயின்ட் டப்பா வாசனை. செல்ஃபோன் டார்ச்சை வாசலில் காட்டினால் உள்ளே செம்மண் காடு. நாலு வருஷ பெட்ரோல் பிசினாகிவிட்டிருந்தது.

இதில் ஒரு கொடுமை உண்டு. வாரா வாரம் ஐந்து நிமிஷம் ஓடியதில் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. குறைந்த இடத்தில் காற்று புகுந்தது. பகல் வெயிலில் டாங்க் மூச்சு விடும், ராத்திரிக் குளிர்ச்சியில் மூச்சு இழுக்கும். இழுப்பது கடற்கரை ஊர்க் காற்று. அதன் ஈரம் உள் தகட்டில் வேர்த்து வழிந்து, பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். போதாததற்கு எத்தனால். 2022-ல் பெட்ரோலில் 10 சதவீதத்தை எட்டிய கலப்பு, 2025-ல் 20-ஐத் தொட்டுவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். சேர்த்துக்கொண்டே போய், அளவு மீறியதும் தண்ணீரோடு தனியாகப் பிரிந்து இறங்கிவிடும். நடு ரோட்டில் ஓடித் தேய்ந்த காரை விட, பத்திரமாக ஷெட்டில் வைத்த காரின் டாங்க் மோசமாக இருப்பது இதனால்தான். இதை சித்தியிடம் நான் சொல்லவில்லை.

புது டாங்க் கிடைக்குமா என்று புதுப்பேட்டையில் தேடினேன். கிடைத்த ஒன்று இதைவிட வயசானதாக இருந்தது. ஒரு மெக்கானிக், "டிக்கியில ஒரு கேன் வெச்சு ட்யூப் குடுத்துடலாம் சார்" என்றார். ஆர்.டி.ஓ. வரை அது போகும், அதற்குள் தீப்பிடிக்காமலிருந்தால். இன்னொரு வெல்டிங் கடையில் டாங்கைத் தட்டிப் பார்த்து, "காலிதானே? வெட்டி, சுரண்டி, ஒட்டிக் குடுத்துடறேன்" என்று கேஸ் கட்டரைப் பற்றவைக்கவே போனார். நான் டாங்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்க்தான் ஆபத்து. பெட்ரோல் ஆவி, காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை கலந்திருந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். (ஏழரை என்று கரெக்டாகத்தான் வைத்திருக்கிறார்கள்.) நிறைந்த டாங்கில் ஆவி அடர்ந்திருக்கும், காற்றுக்கு இடம் இல்லை. காலியானதில்தான் இரண்டும் அளவாகச் சேரும். மடிப்புகளிலும் துருவிலும் ஊறியிருக்கும் பெட்ரோல், நாள் கணக்கில் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். தயவுசெய்து இந்த ஒரு பாராவையாவது உங்கள் மெக்கானிக்குக்குப் படித்துக் காட்டுங்கள்.

கடைசியில் கிடைத்தவர் ஒரு ரேடியேட்டர் கடைப் பெரியவர். அவர் அப்பா வீடு வீடாகப் போய்ப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவராம். டாங்கை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை அடித் தகட்டில் அழுத்தினார். "உள்ள இறங்கிச்சுன்னா தூக்கிப் போட்டுரு தம்பி. இறங்கலை. பார்க்கலாம்."

முதலில் வெந்நீரும் சோப்புத்தூளும் ஊற்றி நாலு தடவை அலசல். பிறகு ஒரு முழு சைக்கிள் செயினை உள்ளே இறக்கினார். எல்லோரும் போடும் போல்ட், நட்டை ஏன் போடவில்லை என்று கேட்டேன். "இருபது போட்டா பத்தொன்பதுதான் திரும்பி வரும். செயினுன்னா ஒரே ஆளு." ஆட்டும் வேலை மட்டும் எங்கள் பொறுப்பு. சித்தி வீட்டு வேப்ப மரத்தில் பழைய போர்வையால் தூளி கட்டி, டாங்கை அதில் போட்டோம். நான் அரை மணியில் களைத்தேன். சித்தி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் வரை ஆட்டினார். எதிர் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "பேத்தியா?" என்றார்.

கொட்டியதில் இரண்டு கைப்பிடி துரு வந்தது. மிச்சத்துக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். முப்பது லிட்டர் வெந்நீருக்கு ஒன்றரைக் கிலோ. இரண்டு நாள் ஊறல். குமிழ் விடும் என்பதால் மூடியைத் திறந்தே வைக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. இரண்டாம் நாள் அடியில் சொட்ட ஆரம்பித்தது. கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை இரண்டு, இப்போது ஐந்து. நான் பதறிப்போனேன். பெரியவர் பேசினை நகர்த்தி வைத்துவிட்டு, "துரு போனாத்தான் ஓட்டை எத்தனைன்னு தெரியும். இத்தனை நாளா துருதானே அடைச்சிக்கிட்டிருந்துச்சு" என்றார்.

டாங்கைக் கவிழ்த்து, ஓட்டைக்கு ஒரு விரல்கடை கீழ் வரை தண்ணீர் நிரப்பினார். ஆவிக்கு உள்ளே இடமே கூடாது. தள்ளியிருந்த கரி அடுப்பில் செம்புக்கோலைக் காய்ச்சி, நவச்சாரத்தில் தேய்த்து, ஈயப்பற்று வைத்தார். ஐந்து ஓட்டை, இருபது நிமிஷம். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் ஒரு அலசல், வெயிலில் காய்ச்சல். காய்ந்த கையோடு கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி உருட்டினார். விட்டால் சுத்தமான இரும்பு ஒரு மணி நேரத்தில் மறுபடி சிவக்க ஆரம்பித்துவிடுமாம்.

உள்ளே எபாக்ஸி பூச்சு அடித்தால் நிரந்தரம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துளி ஈரமோ எண்ணெயோ இருந்த இடத்தில் பூச்சு ஏடு ஏடாக உரிந்து குழாயை அடைக்கும், துருவாவது கரையும். பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்றி, கண்ணாடி போன்ற ஒரு சின்ன ஃபில்டரைப் பெட்ரோல் லைனில் மாட்டியதோடு நிறுத்திக்கொண்டோம். முதல் ஃபில்டர் ஒரே வாரத்தில் பழுப்பேறியது. மூன்றாவது வெள்ளையாக இருந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நான்தான் ஓட்டினேன். வழியில் எங்கேயும் டீ குடிக்கவில்லை. திரும்பும்போது சித்தி பங்க்கில் நிறுத்தச் சொன்னார். ஃபில்டர் மாற்றும்போது பெரியவர் காற்றுக் கணக்கையெல்லாம் அவரிடம் விளக்கியிருக்கிறார்.

"ஃபுல் பண்ணுப்பா" என்றார் பங்க் பையனிடம்.

அவன் ஹெரால்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். "லாங் டிரிப்பாம்மா?"

"இல்லப்பா. வீட்டுலதான் நிக்கும். மாசம் ஒரு தடவை இவன் வந்து ஓட்டுவான்" என்று என்னைக் காட்டினார்.

என்னை யாரும் கேட்கவில்லை.