குப்பிக்குள் பி.பி.சி.

அமெரிக்காவில் வயிற்றோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சாப்பிட்டால் உப்புசம், சாப்பிடாவிட்டால் எரிச்சல். டாக்டர் எண்டோஸ்கோப்பி எடுத்துப் பார்த்துவிட்டு, "பெரிதாக ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் வலி போய்விடுமா என்ன? ராத்திரி தூக்கம் வராமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடுகிறார். பத்தே நிமிடத்தில் ஒரு குப்பி அகப்படுகிறது. பி.பி.சி-157, காப்ஸ்யூல் வடிவில், குடல் சுவரை ஆற்றுவதற்கு!

(லண்டன் ரேடியோவுக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நடு எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, அவ்வளவுதான்.)

பெப்டைடு என்றதும் ஏதோ விண்வெளிச் சமாச்சாரம் மாதிரி இருக்கும். அமினோ அமிலங்களைப் பூச்சரம் மாதிரி கோத்தால் அது பெப்டைடு. சரம் ரொம்ப நீளமானால் அதற்குப் புரதம் என்று பெயர். தயிர் சாதம் சாப்பிடுகிற எல்லோருமே தினமும் பெப்டைடு சாப்பிடுகிறவர்கள்தான். தயிரில் உள்ள புரதத்தை வயிறு நறுக்கும்போது வழியில் பெப்டைடாகத்தானே ஆகிறது!

சிக்கலே இந்த நறுக்குகிற வேலையில்தான். இரைப்பையில் அமிலம். அதில் பெப்சின், தியோடர் ஷ்வான் 1836-லேயே கண்டுபிடித்துப் பெயர் வைத்த நொதி. அதைத் தாண்டினால் கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் காத்திருக்கிறது. அதையும் தாண்டினால் குடல் சுவரிலேயே இன்னொரு கூட்டம் நொதிகள். கடைசியில் சுவரைத் தாண்டி உள்ளே போவது பெரும்பாலும் ஒற்றை அமினோ அமிலங்களும், இரண்டு மூன்று சேர்ந்த துணுக்குகளும்தான். கோழி முட்டையா, நூறு டாலர் காப்ஸ்யூலா என்றெல்லாம் வயிறு லேபிளைப் படித்துப் பார்ப்பதில்லை.

இன்சுலினுக்கு நேர்ந்த கதி இதுதான். 1922-ல் டொரண்டோவில் முதன்முதலாக ஒரு பையனுக்கு ஊசியில் போட்டார்கள். இன்றும் பெரும்பாலோருக்கு ஊசிதான். 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமாகுளுடைடு மாத்திரையைப் பாருங்கள். அதைக் காப்பாற்றுவதற்கென்றே கூடவே 300 மில்லிகிராம் வேறொரு ரசாயனம் வைத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில், ரெண்டு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரைமணி நேரம் சும்மா இருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு ரத்தத்தில் சேருவது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். ஊசியென்றால் வாரத்துக்கு 1 மில்லிகிராம், மாத்திரையென்றால் தினமும் 14 மில்லிகிராம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"அப்படியானால் வாய்வழிப் பெப்டைடு எல்லாமே டுபாக்கூர்" என்று முடித்துவிடலாம் என்று தோன்றும். கேலி செய்பவர்கள் பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். குப்பி விற்பவர்களிடம் ஒரு நியாயமான பதில் இருக்கிறது. "மருந்து ரத்தத்துக்குப் போக வேண்டாம், குடல் சுவரைத் தொட்டால் போதும். வியாதி அங்கேதானே இருக்கிறது?" சரியான கேள்வி. அதற்கு உயிருள்ள உதாரணமும் உண்டு. மலச்சிக்கலோடு வரும் எரிச்சல் குடல் நோய்க்கு 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லினாக்ளோடைடு, 14 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. பயணிகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ.கோலை கிருமியின் நஞ்சைப் பார்த்துக் காப்பியடித்தது. (வயிற்றைக் கலக்கும் நஞ்சையே மலச்சிக்கலுக்கு மருந்தாக்கிய மூளைக்கு ஒரு சபாஷ்.) சரத்தின் நடுவே மூன்று முடிச்சுகள் இருப்பதால் அமிலத்தில் சட்டென்று அவிழ்ந்துவிடாது. ரத்தத்தில் ஏறக்குறைய சேர்வதே இல்லை, குடலுக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்கிறது.

ஆக, விழுங்கினால் வேலை செய்யுமா என்பது பெப்டைடுக்குப் பெப்டைடு மாறும். சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

பி.பி.சி-157-க்கு வருவோம். குரோஷியாவில் ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட்ராக் சிகிரிச்சின் குழு 1990-களின் தொடக்கத்திலிருந்து எழுதி வரும் பொருள் இது. 15 அமினோ அமிலங்கள். மனித இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்தின் துணுக்கு என்பது அவர்கள் சொல்வது. அமிலத்தில் கெடாமல் நிற்கிறது என்றும் சொல்கிறார்கள். எலிகளுக்கு அல்சர் உண்டாக்கி, குடிநீரில் இதைக் கலந்து கொடுத்தார்கள், ஆறியது. தசைநாரை அறுத்துவிட்டுக் கொடுத்தார்கள், அதுவும் ஆறியது. கட்டுரைகள் ஏராளம். ஆனால் பெரும்பாலும் அதே குழு, பெரும்பாலும் அதே எலிகள்.

மனிதர்கள்? பெருங்குடல் புண்ணுக்கு இதை எனிமாவாகக் கொடுத்துச் சோதித்த கதை உண்டு, அது முழு ஆய்வுக் கட்டுரையாக வரவில்லை. 2015-ல் ஆரோக்கியமானவர்களிடம் ஒரு முதல்கட்டச் சோதனை பதிவானது, அதன் முடிவுகளும் வெளியாகவில்லை. காப்ஸ்யூலாக விழுங்கி ஒரு மனிதக் குடல் நோய் ஆறியது என்று, சர்க்கரை மாத்திரையோடு ஒப்பிட்டுக் காட்டிய சோதனை ஒன்றுகூட இல்லை.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பெப்டைடு இருக்கிறது. அதன் பெயர் பலருக்குத் தெரியாது. லாராசோடைடு.

அதன் கதை காலராவில் தொடங்குகிறது. அமெரிக்காவில் பால்டிமோரில் அலெஸியோ ஃபஸானோ காலராத் தடுப்பூசிக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கிருமியின் முக்கிய நஞ்சை நீக்கிய பிறகும் தன்னார்வலர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. தேடியபோது 1991-ல் இன்னொரு நஞ்சு கிடைத்தது. குடல் செல்களுக்கு நடுவே உள்ள மூட்டுகளைத் தளர்த்திவிடும் நஞ்சு. கிருமியிடம் சாவி இருக்கிறதென்றால் மனித உடம்பில் அதற்கான பூட்டு எதற்கு? இந்தக் கேள்வியிலிருந்துதான் 2000-ல் ஸோனுலின் என்ற மனிதப் புரதத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதன் வேலையைத் தடுக்க, அந்த நஞ்சிலிருந்தே 8 அமினோ அமிலத் துணுக்கு ஒன்றை எடுத்து மருந்தாக்கினார்கள். கோதுமைப் பசையம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளுக்கு, தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன் ஒரு காப்ஸ்யூல்.

பசையம் இல்லாத உணவுக்கு மாறியும் அவதி தீராத 342 பேரிடம் சோதித்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. அரை மில்லிகிராம் கொஞ்சம் பலன் தந்தது. 1 மில்லிகிராமும் 2 மில்லிகிராமும் சர்க்கரை மாத்திரையைத் தாண்டவில்லை. (குறைத்தால் கேட்கிறது, கூட்டினால் கேட்கவில்லை. அப்போதே யாருக்காவது நெருடியிருக்க வேண்டும்.) 2019-ல் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியது. 2022-ல் நடுவில் நிறுத்திக் கணக்குப் பார்த்தார்கள். பலன் என்று ஒன்றைக் காட்ட வேண்டுமானால் நோயாளிகளின் எண்ணிக்கையை எக்கச்சக்கமாகக் கூட்ட வேண்டும் என்று தெரிந்தது. மூட்டை கட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டே கம்பெனி திவால்.

ஒழுங்காகப் பரீட்சை எழுதித் தோற்றவன் வீட்டுக்குப் போய்விட்டான். பரீட்சை ஹாலுக்கே வராதவன் கடையில் விற்றுக்கொண்டிருக்கிறான்!

"எனக்குக் குணமாயிற்றே" என்று சத்தியம் செய்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. 2010-ல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்சக் குழு எரிச்சல் குடல் நோயாளிகள் 80 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. பாதிப் பேரிடம், "இது மருந்தே இல்லை, வெறும் மாத்திரை" என்று வாயால் சொல்லியே கொடுத்தார்கள். அப்படியும் அவர்களில் 59 சதவீதம் பேர் தேவலை என்றார்கள். மாத்திரையே தராதவர்களில் 35 சதவீதம். வெறும் மாத்திரைக்கே இத்தனை கேட்கும் வயிறு, நூறு டாலர் குப்பிக்குக் கேட்காதா?

வலி குறைந்தால் சரிதானே, பணம் போனால் போகட்டும் என்பார்கள். பணம் மட்டும் போனால் பரவாயில்லைதான். 2022 ஜனவரியிலிருந்து பி.பி.சி-157 விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்யப்பட்ட பொருள். 2023-ல் அமெரிக்க மருந்துத் துறை இதைப் பாதுகாப்புச் சந்தேகம் உள்ள பொருள்களின் பட்டியலில் வைத்தது. எலிகளில் இது புது ரத்தக் குழாய்கள் வளரத் தூண்டுகிறது. காயம் ஆற அது நல்லது. ஆனால் புற்றுக்கட்டி வளரவும் தேவைப்படுவது அதுவேதான் என்பதால் கவலைப்படுகிறவர்கள் உண்டு. இதே சரக்கைப் பொடியாக விற்கும் சில குப்பிகளில் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்கள் உட்கொள்ள அல்ல" என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். வாங்குகிறவர் எலி வளர்க்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

அந்த ராத்திரிக்காரருக்குச் சீலியாக் இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபடக்கூடிய வியாதி அது, ஆனால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும். ஹெலிகோபாக்டர் கிருமியாக இருந்தால் மூச்சுப் பரிசோதனையில் தெரியும், இரண்டு வார மாத்திரையில் போகும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, இதில் ஒன்றாவது இருந்தால் விஷயமே வேறு. எண்டோஸ்கோப்பி எடுத்த டாக்டர் இதையெல்லாம் உட்கார்ந்து பத்து நிமிடம் விளக்கியிருந்தால் அவர் ராத்திரி ஒரு மணிக்குக் கிரெடிட் கார்டைத் தேடியிருக்க மாட்டார்.

அறுபது காப்ஸ்யூல்கள். மறுபடி டாக்டரைப் பார்ப்பதைக் குப்பி தீர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார்.