நடுவில் ஆங்கிலம் இல்லாமல்

பிரெஞ்சு முதுகலை படிக்கப் போகிறேன் என்று சொன்னால் சிங்கப்பூரில் மூன்று விதமான பதில் வரும். அலுவலகத்தில், "ஓ, பாரிஸா?" என்பார்கள். நண்பர்கள், "முடிச்சா என்ன வேலை?" என்பார்கள். பதில் சொல்லச் சிரமப்பட்டது அம்மாவின் கேள்விக்குத்தான்: "வெள்ளைக்காரன் மொழியப் படிக்க எதுக்குடா பாண்டிச்சேரிக்குப் போற?"

நியாயமான கேள்வி. தாத்தா கப்பலேறி வந்த ஊர்ப்பக்கமே பேரன் சம்பளத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறான் என்றால் காரணம் சொல்லத்தான் வேண்டும். அதுவும் நாங்கள் இருப்பது ஆங் மோ கியோவில். ஹொக்கியனில் 'ஆங் மோ' என்றால் செம்முடி, அதாவது வெள்ளைக்காரன். அவென்யூ 3இல் அனைத்துலகப் பிரெஞ்சுப் பள்ளி இருக்கிறது. பிரெஞ்சு வேண்டுமென்றால் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாலே போதும் என்பது அம்மாவின் கணக்கு.

பொறியியல் படிக்கும்போது விருப்பப் பாடமாகத்தான் பிரெஞ்சு எடுத்தேன். பாடமெல்லாம் ஆங்கிலம் வழியாக. எதிரில் இருப்பவரை எப்போது 'து' என்று கூப்பிடுவது, எப்போது 'வூ' என்று கூப்பிடுவது என்பதற்கு ஒரு வகுப்பு முழுக்க விளக்கம் போனது. எனக்கு அது ஒரு நிமிட வேலை. நீ, நீங்கள். அவ்வளவுதான். அம்மாவை 'நீ' என்றும் அப்பாவை 'நீங்க' என்றும் கூப்பிட்டு வளர்ந்தவனுக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். பிரெஞ்சில் 'இல் ஆ' என்றால் 'அவனிடம் இருக்கிறது'. அதையே கேள்வியாகத் திருப்பினால் 'ஆ இல்' என்று இரண்டு உயிரெழுத்து மோதும். மோதாமல் இருக்க நடுவில் ஒரு 'த்' வந்து உட்காரும்: 'ஆ-தில்'. புத்தகத்தில் இதை விதிவிலக்கு மாதிரி போட்டிருந்தார்கள். நான் ஓரத்தில் தமிழில் எழுதி வைத்தேன்: உடம்படுமெய். மணி, அடித்தது, மணியடித்தது. திரு, அருள், திருவருள். உயர்நிலைப் பள்ளியில் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்த இலக்கணம், பத்து வருஷம் கழித்து ஒரு பிரெஞ்சு வகுப்பில் முதன்முறையாகப் பயன்பட்டது.

அப்போதிலிருந்துதான் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. இந்த ஊரில் எந்த இரண்டு மொழிக்கு நடுவிலும் ஆங்கிலம் நிற்கிறது. சீன நண்பனிடம் பேச அது வேண்டும், சரி. ஆனால் உலக இலக்கியம் தமிழுக்கு வரவும் பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. வாசல் இருப்பதில் தப்பில்லை. ஆனால் உள்ளே வரும்போது சில பொருள்கள் வெளியிலேயே தங்கிவிடுகின்றன.

ஆல்பெர் காம்யுவின் 'லெத்ராஞ்ஞே' 1942இல் வந்தது. கதைசொல்லி தன் தாயை 'மமான்' என்கிறான். குழந்தையும் சொல்லும், வளர்ந்தவனும் சொல்லும் சொல். 1946இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அதை 'மதர்' ஆக்கினார். அந்த ஒரு சொல்லிலேயே ஆள் விறைப்பாகிவிடுகிறான். 1988இல் வந்த இன்னொரு ஆங்கில மொழிபெயர்ப்பு 'மமான்' என்றே விட்டுவிட்டது. ஆங்கிலத்துக்கு நாற்பது வருஷச் சிக்கல். தமிழுக்கு இது சிக்கலே இல்லை, 'அம்மா' இருக்கிறது. நல்லவேளையாக வெ. ஸ்ரீராம் அந்த நாவலைப் பிரெஞ்சிலிருந்தே நேராக 'அந்நியன்' என்று கொண்டுவந்தார். ச. மதனகல்யாணியுடன் சேர்ந்து அவர் மொழிபெயர்த்த 'குட்டி இளவரசன்' நம்மில் பலருக்கும் தெரியும். ஸ்ட்ராஸ்பூரிலிருந்து நாகரத்தினம் கிருஷ்ணா, புதுச்சேரியிலிருந்து வெங்கட சுப்புராய நாயகர் என்று இன்னும் சிலர் உண்டு. இத்தனை கோடிப் பேர் பேசும் மொழிக்கு, அந்த நேர்வழியில் நடப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எதிர்த்திசையிலும் இதே வழி இருந்திருக்கிறது. புதுச்சேரியில் அதிகாரியாக இருந்த அரியேல் 1848லேயே குறளின் பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். அவர் சேர்த்த சுவடிகள் இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. காரைக்காலில் வளர்ந்த ழூலியன் வேன்சோன், பிரான்சில் வனத்துறையில் வேலை பார்த்தவர். பிறகு பாரிஸில் தமிழ்ப் பேராசிரியரானார். உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்தில் அவர் வருகிறார். ஃபிரான்சுவா குரோ 1968இல் பரிபாடலைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். பரிபாடலை நான் முழுதாகப் படித்ததில்லை. ஒரு பிரெஞ்சுக்காரர் வாழ்நாளில் இத்தனை வருஷத்தை அதற்குக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தபோது, பெருமையைவிட லேசான பொறாமைதான் வந்தது.

ஏன் பாரிஸ் இல்லை? யோசித்துப் பார்த்தேன். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக் கட்டணம் ஆண்டுக்கு 3,770 யூரோ என்று 2019இல் வைத்தார்கள். பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. கட்டணத்தைவிட வாடகைதான் ஆளைச் சாப்பிடும். ஆனால் பணம் மட்டும் காரணமில்லை. பாரிஸில் நான் பிரெஞ்சு படிக்கும் இன்னொரு வெளிநாட்டு மாணவன். புதுவைப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் டீக்கடையில் தமிழ். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அதே ஊரில், கடற்கரை ஓரமாக. அங்கிருக்கும் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தெருப்பலகையில்கூடப் பிரெஞ்சும் தமிழும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு மொழியும் பல காலமாகச் சண்டையும் சமாதானமுமாக வாழ்ந்த ஊர் அது. காலனி ஆட்சி நடந்த ஊர் என்பதும் தெரியும். அந்தத் தெருப்பலகையை வெறும் அழகாகப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். உடம்படுமெய் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். "சரி, திரும்பி வரும்போது உனக்கு முப்பது தாண்டிடும். வீடு, கல்யாணம் எல்லாம்?" என்றார். அதற்கு என்னிடம் வேன்சோனும் இல்லை, குரோவும் இல்லை. சேமிப்பு இரண்டு வருஷத்துக்குத் தாங்கும், கணக்குப் போட்டுவிட்டேன். இங்கே இரண்டு வருஷ இடைவெளி விழுந்த பொறியாளரைத் திரும்ப எடுப்பார்களா என்று எந்தக் கணக்கிலும் வரவில்லை. திரும்பி வந்து சாயங்காலங்களில் மொழிபெயர்த்துக்கொண்டு பகலில் வேறு ஏதாவது வேலை பார்க்க நேரலாம். அதற்கும் சேர்த்துத்தான் சம்மதித்திருக்கிறேன்.

இப்போது தினமும் இரவில் ஒரு பத்தி, பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு. ஆங்கில மொழிபெயர்ப்பைத் திறப்பதில்லை என்று ஒரு விதி. நேற்று ஒரு சொல் அகப்படவில்லை. மழை நின்ற பிறகு மரத்திலிருந்து சொட்டுவதற்கு என்ன சொல்வார்கள் என்று சமையலறைப் பக்கம் கேட்டேன்.

"எந்த மொழியில?" என்றார் அம்மா.

"தமிழ்லதான்."

கொஞ்சம் யோசித்து, தன் அம்மா சொன்னதாக ஒரு சொல்லைச் சொன்னார். எந்த அகராதியிலும் நான் பார்க்காத சொல். எழுதி வைத்துக்கொண்டேன்.